பதினேழாம் நம்பர் பிழை

1

இன்று எனக்குப் பிறந்த நாள் இல்லை. ஆபீசில் கேக் வெட்டினோம்.

கம்பெனிக் கம்ப்யூட்டரில் என் பிறந்த தேதி என்று ஒன்று இருக்கிறது. அதன்படி பிறந்த நாள் நாளைக்கு. நாளைக்குச் சனிக்கிழமை, ஆபீஸ் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமையே வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஆக, தப்பான தேதிக்கும் ஒரு நாள் முன்னால். கேக்கின் மேல் 'ராஜ்' என்று எழுதியிருந்தது. ராஜேந்திரன் என்று முழுசாக எழுத வேண்டுமானால் கேக்கைப் பெரிதாக வாங்க வேண்டும். எல்லோரும் பாடினார்கள். பாடுகிறபோது பாடப்படுகிறவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை. மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். மெட்ராஸில் இன்ஜினியரிங் படித்துவிட்டு மேல்படிப்புக்கு என்று கலிபோர்னியா வந்து, அப்படியே வேலையில் ஒட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுகிற பிராசஸர் என்ற சிப்பைச் செய்கிற கம்பெனி. மனைவி செல்விக்கு வளவனூர். மகள் மீனாவுக்கு ஒன்பது வயது. அவளுக்கு எந்த ஊர் என்று கேட்டால் எங்கள் வீட்டு ஜிப் கோட் நம்பரைச் சொல்வாள்.

என் பிறந்த நாள் நாளைக்கும் இல்லை. இது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

2

போன வருஷம் வெயில் காலத்தில் ஒரு சாயங்காலம் போன் வந்தது. நானும் செல்வியும் கடைக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் மீனாவுக்குத் துணையாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மீனா எடுத்திருக்கிறாள்.

"இந்தியாவிலிருந்து மிஸ்டர் குப்புவுக்கு அழைப்பு. இருக்கிறாரா?" என்று ஆபரேட்டர் கேட்டிருக்கிறார். குறிப்பிட்ட ஆள் இருந்தால் மட்டுமே பேசுகிற பி.பி. கால். மீனா பொறுப்பான குழந்தை. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று சொல்லி, நன்றியும் சொல்லி, போனை வைத்துவிட்டாள்.

சாப்பிடும்போது இதைச் சொன்னாள். யாரோ கூப்பூ என்ற ஆளைத் தேடினார்கள், நான் சரியாகச் சமாளித்துவிட்டேன் என்று. ஆங்கிலத்தில்தான் சொன்னாள். தமிழில் அவளுக்கு வேண்டும், வேண்டாம், தூக்கம் வருது மூன்றும் வரும்.

உலகத்தில் என்னைக் குப்பு என்று கூப்பிடுவது ஒரே ஒருத்தி. என் அம்மா. அவள் அதுவரை தனியாகப் போய் டிரங்க் கால் போட்டதே இல்லை. தம்பி சேகர்தான் போட்டுக் கொடுப்பான். அவனும் 'ராஜேந்திரன்' என்று சொல்லித்தான் போடுவான். அம்மா தன்னந்தனியாகத் தபால் ஆபீசுக்கு நடந்துபோய், வரிசையில் நின்று, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் பெண்ணிடம் குப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். என் மகள் அப்படி ஒருத்தர் கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

"நீங்கதான தெரியாதவங்க பேசினா போனை வெச்சிடுன்னு சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் செல்வி. நியாயம்தான்.

3

அம்மா ஏன் கூப்பிட்டாள் என்பதைச் சொல்லுமுன் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட கதை.

எங்கள் கம்பெனியில் அப்போது இரண்டு கோஷ்டி. கீழ்த்தளத்தில் நாங்கள். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் சிப்பை எடுத்து, இங்கே ஒரு கம்பியை நகர்த்தி, அங்கே ஒரு பிழையைத் திருத்தி, கொஞ்சம் வேகம் கூட்டி, அதே சிப்பின் அடுத்த திருத்தம் என்று ஓர் எழுத்தை மாற்றி வெளியே விடுவோம். ஏ, பி, சி என்று போய் அப்போது எஃப்பில் இருந்தோம். சட்டை கிழிந்தால் ஒட்டுப் போடுகிற வேலை. ஒட்டுப் போடுகிறவனுக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் கம்பெனிக்குச் சோறு போட்டது அந்தச் சட்டைதான்.

மேல்தளத்தில் ஹெலனின் கோஷ்டி. பழசை அப்படியே ஓரம் கட்டிவிட்டு வெள்ளைத் தாளிலிருந்து புதுசாக வரைகிறவர்கள். ஹெலன் என்னைவிடச் சின்னவள், மகா கெட்டிக்காரி. படிக்கட்டில் பார்த்தால், "என்ன ராஜ், இன்றைக்கு எங்கே ஒழுகுகிறது?" என்று கேட்பாள். கோபப்பட வழியில்லை. அவள் சொல்வதிலும் உண்மை இருந்தது. ஒட்டின் மேல் ஒட்டாகி, ஒரு மூலையைத் திருத்தினால் இன்னொரு மூலை இழுத்துக்கொண்டது. எங்கள் சிப்பை அதற்கு மேல் ஓட விரட்ட முடியாது என்று எங்களுக்கும் தெரியும். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம்.

எல்லா சிப்பிலும் பிழை இருக்கும். அதை மறைப்பதில்லை. நம்பர் போட்டுப் பட்டியலாக அச்சடித்து சிப்போடு கொடுத்துவிடுவது இந்தத் தொழிலின் வழக்கம். எங்கள் பட்டியலில் பதினேழாம் நம்பர் ஒரு தனிப்பிறவி. ஒரு குறிப்பிட்ட கழித்தலைச் செய்ததும் சிப்புக்குள் விளக்கு மாதிரி ஒரு சின்ன அடையாளம் அணைந்திருக்க வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். முதல் சிப்பிலேயே வந்துவிட்ட தப்பு. திருத்துவது அரை நாள் வேலை. ஆனால் திருத்தவில்லை. அதற்குள் வெளியே யாரோ ஒருவர், விளக்கு எப்போதும் எரிகிறதே என்று, அந்த வெளிச்சத்தை நம்பி புரோகிராம் எழுதிவிட்டார். நூலகங்களில் புத்தகம் போனது வந்ததைக் குறிக்கிற புரோகிராம். நாங்கள் விளக்கைச் சரியாக அணைத்தால் அவர்களுக்கு இருட்டு.

இந்தப் பிழையைப் பொறுப்பாகத் தப்பாகவே வைத்திருப்பது என் வேலைகளில் ஒன்று.

இங்கே ஒரு தமிழர் பிக்னிக்கில் மல்லாட்டை என்று சொன்னதற்கு மெட்ராஸ்காரர்கள் சிரித்தார்கள். வேர்க்கடலையாம். மணிலாக் கொட்டை என்று வந்த பேர், எங்கள் பக்கத்து வாயில் உருண்டு உருண்டு மணிலாட்டை, மல்லாட்டை ஆனது என்று விளக்கினேன். ஒவ்வொருத்தர் ஒவ்வோர் எழுத்தாகத் திருத்தியது. யாரும் உட்கார்ந்து புதுசாகச் செய்யவில்லை. என் கோஷ்டிக்காரர்கள் செய்த சொல் என்று அதன்மேல் எனக்குத் தனிப் பாசம்.

4

குப்பு என்ற பேர் எனக்கு ஏன் வந்தது என்று நான் கேட்டதே இல்லை. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு குப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் ராஜேந்திரன், வீட்டில் குப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பேர் இருந்தது. அப்பா இருந்த காலத்தில் என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "டேய்" என்பார். அது சேகருக்கும் பொது.

அப்பா லோகோ ஷெட்டில் ஃபிட்டர். பழைய நீராவி இன்ஜின்களைப் பிரித்து மாட்டுகிற வேலை. பாய்லரை மாற்றுவார்கள், சக்கரத்தை மாற்றுவார்கள், பிஸ்டனை மாற்றுவார்கள். ஒருமுறை, "எல்லாம் மாத்திட்டா இது புது இன்ஜின்தானப்பா?" என்று கேட்டேன்.

"நம்பர் பிளேட் அதான? அப்ப இன்ஜினும் அதான்" என்றார். "நம்பரை மாத்தினா ஆபீசுல பேஜாரு."

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதையை அப்பா சேகருக்குச் சொல்லும்போது நானும் கேட்டிருக்கிறேன். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று அர்த்தம். எனக்குக் காது எட்டவில்லை. பாதித் தலையில் கை நின்றுவிட்டது. வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். அப்பா சட்டைப் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார். வாத்தியார் படித்துப் பார்த்துவிட்டு, "கை எட்டல, காகிதம் எட்டுது" என்று சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடம் முடிகிறவரை முதல் பெஞ்சில் குட்டையனாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் வம்சமே உயரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் பிறந்த சேகர் ஆறடி வளர்ந்தபோதும் யோசிக்கவில்லை. சிப்பில் ஒரு புள்ளி தள்ளியிருந்தால் கண்டுபிடிக்கிறவனுக்கு இது தெரியவில்லை.

5

போன வருஷம் எங்களுக்கு கிரீன் கார்டு என்கிற நிரந்தரக் குடியிருப்புச் சீட்டுக்கான விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தது. விசா முடிய ஒரு வருஷம்கூட இல்லை. சீட்டு வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். எனக்கும் செல்விக்கும் பரவாயில்லை, போனால் ஊர். மீனாவுக்கு அது ஊர் இல்லை. மூன்று தமிழ்ச் சொற்களோடு அவளை விழுப்புரத்தில் நான்காம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

குடியேற்ற ஆபீசில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் காட்டிய காகிதம் எப்போதோ தொலைந்துவிட்டது. நான் பிறந்தது அம்மா பிறந்த வீட்டில், திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என்று சான்றிதழ்களில் இருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. சேகர் ரேடியோ ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு நாலு முறை அலைந்தான். பிறகு கடிதம் எழுதினான்:

"அண்ணா, அந்த வருஷத்து புக்கைக் கரையான் தின்னுட்டுதாம். மேலே அட்டை இருக்குது, உள்ளே ஒண்ணும் இல்லை. இல்லைன்னு ஒரு சான்றிதழ் தர்றாங்க."

இல்லை என்பதற்கும் சான்றிதழ் உண்டு என்பது வக்கீலுக்கு மிகவும் பிடித்திருந்தது. அது போதும், அதோடு பெற்ற தாய் ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் முடிந்தது என்றார். இன்ன தேதியில், இன்ன ஊரில், இந்த ராஜேந்திரனைப் பெற்றேன் என்று. அறுபது நாள் கெடு.

சேகர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப் அடிக்கக் கொடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். அம்மா மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போட நேரமாகும், ஆனால் போடுவாள். டைப் அடித்ததை நோட்டரி வாசித்துக் காட்டினார். அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

"இன்னான்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்குதுண்ணா. ரெண்டு நாளா சாப்பாடும் இல்லை" என்று சேகர் எழுதியிருந்தான். அந்தக் கடிதம் வந்து சேருமுன்பே அம்மா தபால் ஆபீசுக்குப் போய்விட்டாள்.

6

சேகர் கடைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கு மறுநாள் போன் போட்டேன். அம்மாவைக் கூட்டிவந்தார்கள்.

"யாருடா அந்தப் பொண்ணு? குப்புன்னு யாருமே இல்லைன்னு சொல்லிட்டுதாம்."

"மீனாம்மா. அதுக்குத் தெரியாது."

"அப்பன் பேரு தெரியாதா?"

"அதுக்குத் தெரிஞ்ச பேரு ராஜேந்திரன்மா."

மருந்துக்கடையில் யாரோ தலைவலி மாத்திரை கேட்பது கேட்டது.

"அத்த சொல்லத்தான் போன் போட்டேன். நான் கையெழுத்து போட மாட்டேன்டா."

"ஏம்மா?"

"அந்தத் தேதியில நான் உன்னைப் பெக்கல."

"பின்ன?"

"அது உங்க அண்ணன் தேதி."

"எனக்கு ஏதும்மா அண்ணன்?"

"ராஜேந்திரன்" என்றாள் அம்மா.

அந்தப் பேரை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சொன்னாள். தாய் வீட்டில் பிறந்தான். பத்து மாதம் இருந்தான். சுவரைப் பிடித்து நிற்பான். இரண்டு நாள் காய்ச்சல். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வரும்போது மடியிலேயே போய்விட்டான். இறங்குகிற வரைக்கும் யாரிடமும் சொல்லாமல் முந்தானையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நடுவழியில் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று பயம்.

"அப்புறம் நீ பொறந்த. இங்க, விழுப்புரத்துல. மேல்மலையனூர் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு மறுநாளு. நீயாவது தங்கணும்னு உன்னைக் குப்பையில போட்டோம். எதிர் குவார்ட்டர்ஸ் மேரியம்மா முறத்துல எடுத்துக்கினு வந்துச்சி. ஒரு படி தவிடு குடுத்து உன்னை வாங்கினேன். குப்பையில கெடந்தத எமன்கூட எடுக்க மாட்டான் இல்ல?"

"பேரும்மா? அவன் பேரை எதுக்கு எனக்கு வெச்சீங்க?"

"நான் எங்கடா வெச்சேன்? உங்கப்பா. ரயில்வே பாஸுக்குக் குடும்பத்து ஆளுங்க பேரு எழுதிக் குடுக்கணும். ராஜேந்திரன்னு எழுதி இருந்துது. அவன் போனப்புறம் அத்த அடிக்கணும். அடிக்க அவருக்குக் கை வரல. நீ வந்துட்ட. அப்பிடியே இருக்கட்டும்னுட்டாரு."

அப்பா பேஜாருக்குப் பயந்து நம்பர் பிளேட்டை மாற்றாதவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு பேரை அடிக்க முடியாமல் ஒரு பிள்ளையையே அதற்குள் பொருத்திவிட்டார் என்பது தெரிந்ததும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆபீசிலிருந்து பேசியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"அழாதடா. உன் மேல சத்தியமா, அவன் தேதியில உன்னைப் பெத்தேன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. சொன்னா அவன் பொறக்கவே இல்லைன்னு ஆயிடும்" என்றாள் அம்மா.

போனை வைத்தபிறகு கணக்குப் போட்டேன். எனக்கு ஒன்றரை வயது குறைந்திருந்தது. செல்வி என்னைவிட நாலு மாதம் மூத்தவள் ஆகியிருந்தாள். கல்யாணத்துக்கு முன் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஜோசியர் சொன்னது யாருடைய ஜாதகத்துக்கு என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

7

வக்கீல் தலையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வழி என்றார். ஒன்று, அம்மாவை எப்படியாவது கையெழுத்துப் போட வைப்பது. யாருக்கும் தெரியப் போவதில்லை. இரண்டு, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கி, பள்ளிச் சான்றிதழில் ஆரம்பித்து டிகிரி, பாஸ்போர்ட் வரை எல்லாவற்றையும் சரியான தேதிக்கு மாற்றி, முதலிலிருந்து புதுசாகத் தொடங்குவது. சுத்தமான வழி, அதற்குள் விசா முடிந்துவிடும். மூன்று, தேதியை அப்படியே விட்டுவிட்டு, இது தப்பு, இன்ன காரணம் என்று உண்மையை இணைத்துக் கொடுப்பது. படிக்கிற அதிகாரியின் மனசைப் பொறுத்தது.

முதல் வழிக்கு அம்மா ஒப்பமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். மற்ற இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியாமல் ஒரு வாரம் திரிந்தேன். ஹெலனின் புது சிப் அந்த வாரம்தான் வந்து சேர்ந்தது.

அழகான சிப். பொறாமையில்லாமல் சொல்கிறேன். நாங்கள் ஏ-யிலிருந்து இசட் வரை போயிருந்தாலும் அந்த வேகத்தைத் தொட்டிருக்க முடியாது. கால்கள் மட்டும் பழைய சிப்பின் கால்கள், எண்ணிக்கையும் இடமும் அதே. பழைய சாக்கெட்டில் செருகினால் போர்டுக்கு ஆள் மாறியதே தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. செருகினார்கள். எல்லாம் ஓடியது. நூலக புரோகிராமைப் போட்டதும், திருப்பிக் கொடுத்த புத்தகத்தையெல்லாம் கொடுக்கவில்லை என்றது. சோதனைக்காகப் பட்டியலில் போட்டிருந்த ஊர் முழுவதற்கும் பணிவான நினைவூட்டுக் கடிதம் அடித்துத் தள்ளியது.

ஹெலன் மூன்று நாள் தன் டிசைனில் தப்பைத் தேடினாள். தப்பு இல்லை, அதுதான் சங்கதி. கீழே இறங்கி வந்து என் மேஜைக்கு முன் நின்றாள்.

"பதினேழு" என்றேன்.

"அதைச் சரி செய்துவிட்டேனே."

"அதனால்தான்."

"சுத்தமான டிசைனில் வேண்டுமென்றே ஒரு தப்பை எப்படி வைப்பது?"

"ஜாக்கிரதையாக" என்றேன்.

இரண்டு பேரும் உட்கார்ந்து வைத்தோம். இரண்டு வாரமாயிற்று. சரியாகச் செய்வதைவிடச் சரியானபடி தப்பாகச் செய்வது கஷ்டம். பிழைப்பட்டியலில் பதினேழாவது வரியை என்னையே எழுதச் சொன்னாள். எழுதினேன்: 'இது பிழை. எங்களுக்குத் தெரியும். இதை நம்பி இருப்பவர்களுக்காக இப்படியே இருக்கும்.'

ஹெலன் அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "உள்ளே முழுக்கப் புதுசு. வெளியே அதே கால், அதே பேர், அதே தப்பு. விசித்திரமான பிராணி."

நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அன்றைக்கே வக்கீலைக் கூப்பிட்டு மூன்றாவது வழி என்று சொன்னேன்.

8

இரண்டாவது வாக்குமூலத்தை அம்மா தானே சொல்லச் சொல்ல டைப் அடிக்க வைத்தாளாம். நோட்டரி சட்டத் தமிழில் திருத்தியதையெல்லாம் திரும்ப வாசிக்கச் சொல்லி எடுக்க வைத்திருக்கிறாள். கெடுவுக்கு நாலு நாள் முன்னால் வந்தது. இவ்வளவுதான்:

'எனக்கு ராஜேந்திரன் என்ற பேரில் இரண்டு பிள்ளைகள். முதல் ராஜேந்திரன் மேற்படி தேதியில் பிறந்து பத்து மாதத்தில் தவறிவிட்டான். இரண்டாவது ராஜேந்திரன் அவன் பேரிலும் தேதியிலும் படித்து அமெரிக்காவில் வேலையில் இருக்கிறான். அவனை நான் குப்பு என்று கூப்பிடுகிறேன். ராஜேந்திரன் என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.'

கடைசி வரி தேவையில்லை, எடுத்துவிடலாம் என்றார் வக்கீல். நான்தான் மொழிபெயர்த்தேன். எடுக்கவில்லை.

நேர்காணலில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். வேறு பெயர்கள் என்ற கட்டத்துக்கு வந்தார்.

"குப்பு. இதற்கு என்ன அர்த்தம்?"

"குப்பை" என்றேன். அவர்கள் பாஷையில் அதற்கு வேறு மரியாதையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

"உங்கள் அம்மா உங்களைக் குப்பை என்றா கூப்பிடுகிறார்?"

"பிறந்ததிலிருந்து."

"ஏன்?"

"யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று."

அவர் டைப் அடிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் செல்வியின் மடியில் சாய்ந்திருந்த மீனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

"என் படிவத்தில் தேதிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது" என்றார் அதிகாரி. பாஸ்போர்ட்டில் இருந்த தேதியையே அடித்தார். வேறு பெயர்கள் கட்டத்தில், எழுத்தெழுத்தாகக் கேட்டு, குப்பு என்று அடித்தார். இரண்டு மாதத்தில் சீட்டு வந்தது. அமெரிக்க அரசாங்கத்தில் இப்போது எனக்கு வீட்டுப் பேர் இருக்கிறது.

9

மீனா போனுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். 'குப்பு = அப்பா' என்று ஆங்கில எழுத்தில். அம்மா அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். மூன்று முறையும் மீனா, "குப்பு இருக்காங்க" என்று தமிழிலேயே பதில் சொன்னாள். ஆபரேட்டருக்குப் புரியாது. பரவாயில்லை, மூன்று சொல் ஐந்து சொல் ஆகியிருக்கிறது. எங்கள் கோஷ்டி வேகம் அதுதான்.

இன்று கேக்கின் மிச்சத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏழு மணிக்குப் போன் அடித்தது. இங்கே வெள்ளி சாயங்காலம் என்றால் விழுப்புரத்தில் சனிக்கிழமை காலை. அங்கே ஏற்கெனவே அந்தத் தேதி வந்துவிட்டது.

மீனா எடுத்தாள். கேட்டாள். சீட்டைப் பார்த்தாள். குழம்பிப்போய்க் கையால் போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"ஆயாதான் அப்பா. ஆனால் குப்புவைக் கேட்கவில்லை. உன் இன்னொரு பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள்."

ஆபரேட்டர் மறுபடி கேட்டது எனக்கே கேட்டது. மிஸ்டர் ராஜேந்திரன் இருக்கிறாரா?

போனை வாங்கி, பேசுகிறேன் என்றேன். லைன் கொடுத்தார்கள்.

"ராஜேந்திரனா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. ராஜேந்திரன்தான்."

"இருக்கியா?"

"இருக்கேன்மா."

"இன்னைக்கு உனக்குப் பொறந்த நாளு. இன்னா சாப்ட்ட?"

"கேக்கு சாப்ட்டேன். எல்லாரும் பாட்டு பாடினாங்க."

"பாடினாங்களா?" என்றாள். மூச்சு விடுவது கேட்டது. "நல்லாரு கண்ணு. நல்லா சாப்புடு."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சரி, தம்பிகிட்ட குடு. குப்புகிட்ட."

நான் போனை வலது காதிலிருந்து எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டேன்.

"சொல்லும்மா" என்றேன். "குப்பு பேசறேன்."